குடலைக் கழுவ வேண்டுமா?

"உங்கள் வயிற்றில் ஐந்து கிலோ பழைய மலம் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. இந்தப் பொடியை மூன்று நாள் சாப்பிடுங்கள். எல்லாம் வெளியே வந்துவிடும். உடம்பு பஞ்சு போல ஆகிவிடும்."

இப்படி ஒரு பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். மார்க்கெட்டில் பொடி விற்பவர் சொல்வார். ரயில் பெட்டியில் ஒட்டிய நோட்டீஸில் இருக்கும். இப்போது போனில் வரும் வீடியோவிலும் இதையே சொல்கிறார்கள்.

இது உண்மையா? குடலில் அழுக்கு சேருமா? அதைக் கழுவ வேண்டுமா? இந்தப் பாடத்தில் படிப்போம்.

பல ஊர் மக்கள், பல வைத்தியம்

சீத்தா கேம்ப் மும்பையில் டிராம்பே பக்கம் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு ஜனதா காலனியை இடித்தார்கள். அங்கே இருந்த மக்களை இங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். தமிழ், மலையாளம், மராத்தி, உருது, இந்தி பேசும் மக்கள் இங்கே அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறார்கள்.

மக்கள் பலர். வைத்தியமும் பல. ஒரு வீட்டில் விளக்கெண்ணெய். ஒரு வீட்டில் திரிபலா. ஒரு வீட்டில் இசப்கோல். ஒரு வீட்டில் நிலவாகைப் பொடி. நிலவாகையை நிலாவரை என்றும் சொல்வார்கள். உருது பேசுகிறவர்கள் சனாய் என்பார்கள். இது நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைகிற செடி. "திருநெல்வேலி சென்னா" என்ற பெயரில் வெளிநாடுகளுக்கும் போகிறது.

இவை எல்லாம் மருந்து. மலச்சிக்கல் இருக்கும்போது அளவோடு எடுத்தால் உதவும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நன்றாக இருப்பவர் "குடலைக் கழுவுகிறேன்" என்று எடுப்பது வேறு விஷயம். அதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

சாப்பாடு போகும் வழி

முதலில் நம் குடலைத் தெரிந்துகொள்வோம்.

வாயில் மென்ற சோறு இரைப்பைக்குப் போகிறது. அங்கே கூழ் போல ஆகிறது. பிறகு சிறுகுடலுக்குப் போகிறது. சிறுகுடலின் நீளம் சுமார் 20 அடி. ஒரு சேலையின் நீளத்தை விடக் கொஞ்சம் அதிகம். அது வயிற்றுக்குள் மடிந்து மடிந்து இருக்கிறது. சாப்பாட்டில் உள்ள சத்தை உடம்பு இங்கேதான் எடுத்துக்கொள்கிறது.

மிச்சம் பெருங்குடலுக்குப் போகிறது. பெருங்குடலின் நீளம் சுமார் 5 அடி. ஓர் ஆள் உயரம். இங்கே மிச்சத்தில் உள்ள தண்ணீரை உடம்பு உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியில் இருப்பதுதான் மலம்.

மலத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். மீதியில் சாப்பாட்டின் நார் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் இருக்கின்றன. இந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை நமக்குக் கெடுதல் செய்வதில்லை. நல்லதும் செய்கின்றன.

சாப்பிட்ட சாப்பாடு மலமாக வெளியே வரப் பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். ஆகவே குடலில் எப்போதும் கொஞ்சம் மலம் இருக்கும். அது அழுக்கு மூட்டை இல்லை. நடந்துகொண்டிருக்கிற வேலை. அரவை மில்லில் எப்போதும் கொஞ்சம் மாவு இருக்கும் அல்லவா? அதுபோல.

குடல் தன்னைத் தானே சுத்தம் செய்கிறது

குடலின் உள்பக்கம் ஈரமாக, வழவழப்பாக இருக்கிறது. அங்கே எதுவும் எளிதில் ஒட்டாது.

குடல் சும்மா இருப்பதில்லை. மண்புழு நகர்வது போலச் சுருங்கி விரிந்து, உள்ளே இருப்பதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நாம் தூங்கும்போதும் இந்த வேலை நடக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. குடலின் உள்தோல் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் புதிதாக மாறிவிடுகிறது. பழைய தோல் உதிர்ந்து மலத்தோடு போய்விடுகிறது. ஒரு வீட்டுச் சுவருக்கு ஐந்து நாளைக்கு ஒரு முறை வெள்ளை அடித்தால் அதில் பத்து வருட அழுக்கு இருக்குமா? இருக்காது. குடலும் அப்படித்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் மெல்லிய குழாயில் கேமரா வைத்துப் பெருங்குடலைப் பார்க்கிறார்கள். பழைய மலம் ஓடு போல ஒட்டி இருப்பதை அவர்கள் பார்ப்பதில்லை. வழவழப்பான குடல்சுவரைத்தான் பார்க்கிறார்கள்.

பேச்சும் உண்மையும்

பேச்சு 1: "பொடி சாப்பிட்டேன். கறுப்பாக, நீளமாக, ரப்பர் போல வந்தது. அது பழைய அழுக்குதானே?"

உண்மை: இல்லை. இப்படிப்பட்ட பல பொடிகளில் தண்ணீர் பட்டதும் ஊதிப் பெருகும் நார் இருக்கிறது. சிலவற்றில் களிமண்ணும் கலந்திருக்கும். இவை குடலுக்குள் ஊதி, குடலின் வடிவத்திலேயே கொழகொழவென்று நீளமாக வரும். பழைய அழுக்கு என்று காட்டுவது அவர்கள் விற்ற பொடியைத்தான்.

பேச்சு 2: "மலம் உள்ளே தங்கினால் விஷம் ரத்தத்தில் கலக்கும். அதனால்தான் தலைவலி, சோம்பல்."

உண்மை: நூறு வருடத்துக்கு முன்னே படித்த டாக்டர்களும் இதை நம்பினார்கள். லண்டனில் வில்லியம் ஆர்பத்நாட் லேன் என்ற பெரிய டாக்டர் இருந்தார். மலச்சிக்கல் உள்ளவர்களுக்குப் பெருங்குடலையே அறுத்து எடுத்தார். அந்த ஆபரேஷனில் சிலர் இறந்தும் போனார்கள்.

1919-இல் அமெரிக்க டாக்டர் வால்டர் ஆல்வாரெஸ் இதைக் கேள்வி கேட்டார். "மலம் போன உடனே தலைவலி விட்டுவிடுகிறது. ரத்தத்தில் விஷம் இருந்தால் அவ்வளவு சீக்கிரம் விடுமா?" என்று கேட்டார். குடல் நிறைந்து அழுத்துவதால்தான் அந்தத் தொல்லை, விஷத்தால் அல்ல என்று எடுத்துச் சொன்னார். உடம்பில் சேரும் கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்கின்றன.

பேச்சு 3: "பேதிக்கு எடுத்தேன். இரண்டு கிலோ எடை குறைந்தது."

உண்மை: குறைந்தது தண்ணீர். கொழுப்பு இல்லை. இரண்டு நாள் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தால் எடை திரும்பி வந்துவிடும்.

பேச்சு 4: "பேதிக்கு எடுத்தால் வயிற்றுப் பூச்சி எல்லாம் போய்விடும்."

உண்மை: வயிற்றுப் பூச்சி உண்மையானது. கொக்கிப்புழு ரத்தத்தைக் குடிக்கும். சோகை வரும். பிள்ளை வெளுத்துப் போகும். ஆனால் பேதி மருந்து அதற்கு நம்பகமான வைத்தியம் இல்லை. அதற்குத் தனி மாத்திரை இருக்கிறது. அதன் பெயர் அல்பெண்டசோல். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடத்துகிறார்கள். 1 வயது முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

பேச்சு 5: "குழாய் வைத்துத் தண்ணீர் ஏற்றிக் குடலைக் கழுவினால் நல்லது."

உண்மை: ஆஸ்பத்திரியில் டாக்டர் தேவை பார்த்து எனிமா கொடுப்பார். அது வேறு. காசு வாங்கிக்கொண்டு நன்றாக இருப்பவரின் குடலைக் கழுவுவது வேறு. அதில் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 1978 முதல் 1980 வரை ஒரு கிளினிக்கில் இப்படிக் கழுவினார்கள். கருவி சுத்தமாக இல்லை. அமீபா என்ற கிருமி ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குப் பரவியது. 36 பேருக்கு நோய் வந்தது. 6 பேர் இறந்தார்கள்.

பெரியவர்கள் சொன்னது பொய்யா?

"அந்தக் காலத்தில் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை பேதிக்குக் கொடுப்பார்களே? அது தப்பா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

சித்த வைத்தியத்தில் நான்கு மாதத்துக்கு ஒரு முறை பேதி எடுப்பது பற்றிச் சொல்லி இருக்கிறார்கள். ஆனால் அதை வைத்தியர் நாடி பார்த்துக் கொடுத்தார். ஆள் வயதைப் பார்த்தார். அளவைப் பார்த்தார். அன்று வேலைக்குப் போகக்கூடாது. கஞ்சியும் மோரும் குடித்து ஓய்வாக இருக்க வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடு இருந்தது.

இன்று பெயர் தெரியாத பொட்டலத்தை வாங்குகிறோம். காலையில் விழுங்குகிறோம். வெயிலில் வேலைக்குப் போகிறோம். இரண்டும் ஒன்றா?

குடலில் வருடக் கணக்கில் அழுக்கு சேருவதில்லை என்று இன்றைய மருத்துவம் பார்த்துச் சொல்கிறது. ஆகவே நன்றாக இருப்பவருக்குப் பேதி மருந்து தேவை இல்லை. சித்த மருந்து வேண்டும் என்றால், படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம் போய்க் கேட்டு எடுக்க வேண்டும்.

இரண்டு பேர் பேசுகிறார்கள்

ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசுகிறார்கள். கைக்குழந்தைக்கு மூன்று மாதம்.

மாமியார்: ஏட்டி, பிள்ளை மூணு நாளா வெளிக்குப் போகலையே. ஒரு சங்கு விளக்கெண்ணெய் விடு.

மருமகள்: வேண்டாம் அத்தை. நேத்து ஆரோக்கிய சேவிகா வந்தாங்க. அவங்ககிட்ட கேட்டேன்.

மாமியார்: அவ என்ன சொன்னா? உன் மாப்பிள்ளைக்கு நான் கொடுக்கலையா? நல்லாத்தானே இருக்கான்?

மருமகள்: நல்லாத்தான் இருக்காங்க. ஆனா எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆகணும்னு இல்லையாம். பிள்ளை அழும்போது மூக்கைப் பிடிச்சு எண்ணெய் விட்டா, அது நெஞ்சுக்குள்ள, நுரையீரலுக்குப் போயிருமாம். நிமோனியா வந்துருமாம்.

மாமியார்: அப்ப மூணு நாளா போகாம இருக்கே?

மருமகள்: தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை சில நாள் போகாம இருக்கிறது உண்டாம் அத்தை. நல்லா பால் குடிக்குதா, ஒண்ணுக்குப் போகுதா, வயிறு மெதுவா இருக்கான்னு பார்க்கச் சொன்னாங்க. வயிறு உப்பினாலோ, வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்காம இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரச் சொன்னாங்க.

மாமியார்: வயிறு மெதுவாத்தான் இருக்கு. பாலும் குடிக்குது. சரி, எண்ணெய் வேண்டாம். நாளைக்கு அந்தப் பிள்ளை வந்தா நானும் ரெண்டு கேள்வி கேக்கணும்.

பேதியில் போவது என்ன?

பேதி மருந்து குடித்தால் பழைய அழுக்கு போவதில்லை. உடம்பில் உள்ள தண்ணீரும் உப்பும் போகின்றன. தண்ணீர் குறைந்தால் தலை சுற்றும். கை கால் இழுக்கும். நாக்கு வறண்டு போகும். மயக்கம் வரும். சின்னப் பிள்ளைக்கும் வயதானவருக்கும் உயிருக்கே ஆபத்து.

இவர்கள் டாக்டரைக் கேட்காமல் பேதி மருந்து எடுக்கவே கூடாது:

கர்ப்பிணிப் பெண்கள்.
கைக்குழந்தைகள், சின்னப் பிள்ளைகள்.
வயதானவர்கள்.
சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள்.
வயிற்று வலி உள்ளவர்கள்.

கடைசியாகச் சொன்னது மிகவும் முக்கியம். வயிறு வலித்தால் "வாயு பிடித்திருக்கிறது, பேதிக்குக் கொடு" என்பார்கள். அந்த வலி குடல்வால் வீங்கியதால் வந்திருக்கலாம். அப்போது பேதி மருந்து கொடுத்தால் குடல்வால் வெடிக்கலாம். சீழ் வயிறு முழுவதும் பரவும். உயிர் போகலாம். ஆகவே காரணம் தெரியாத வயிற்று வலிக்குப் பேதி மருந்து கொடுக்கக் கூடாது.

யாருக்காவது பேதி அதிகமாகப் போனால் உடனே ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுங்கள். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரையுங்கள. டீஸ்பூனைத் தலை தட்டி அளக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

மலச்சிக்கல் ஏன் வருகிறது?

அழுக்கு சேருவது பொய். ஆனால் மலச்சிக்கல் உண்மை. நம்மில் பலருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, அது இருக்கிறது.

தினமும் ஒரு முறை போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை போகிறவர்களும் உண்டு. வாரத்துக்கு மூன்று முறை போகிறவர்களும் உண்டு. சிரமம் இல்லாமல் போனால் இரண்டும் சரிதான். மலம் கட்டியாகி, முக்கி முக்கிப் போக வேண்டி இருந்தால் அதுதான் மலச்சிக்கல்.

நம் பக்கம் அது வருவதற்கு ஒரு பெரிய காரணம் உண்டு. அது குடலில் இல்லை. கக்கூஸ் வரிசையில் இருக்கிறது.

பல வீடுகளில் கக்கூஸ் இல்லை. பொதுக் கக்கூஸுக்குப் போக வேண்டும். காலையில் வரிசை நீளமாக இருக்கிறது. பின்னால் நிற்பவர் கதவைத் தட்டுகிறார். காசும் கொடுக்க வேண்டும். வேலைக்கு நேரம் ஆகிறது. பெண்கள் அடக்கிக்கொள்கிறார்கள். ராத்திரி போகப் பயந்து மாலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

அடக்கினால் என்ன ஆகும்? பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் காய்ந்து கட்டியாகும். தண்ணீர் குடிக்காவிட்டால் இன்னும் கட்டியாகும். அடிக்கடி அடக்கினால், வரும் உணர்ச்சியே குறைந்துவிடும். மூலமும் வரும்.

காலையில் ஒரு கட்டிங் சாய், பிஸ்கட். மதியம் வடாபாவ். ராத்திரி பரோட்டா. இதில் நார் எங்கே இருக்கிறது? மைதாவில் நார் மிகவும் குறைவு.

காரணம் இப்படி இருக்கும்போது பேதிப் பொடி அதை எப்படித் தீர்க்கும்? இன்று போகும். நாளை மறுபடியும் சிக்கல் வரும். மறுபடியும் பொடி வாங்குவோம். பொடி விற்பவருக்குத்தான் லாபம்.

நாம் என்ன செய்யலாம்?

தண்ணீர் குடியுங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். ராத்திரி பயம் இருந்தால், காலையிலும் மதியமும் அதிகமாகக் குடியுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவில் குடிக்க வேண்டும்.

நார் உள்ளதைச் சாப்பிடுங்கள். முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, அவரைக்காய், சுண்டல், பட்டாணி, கொய்யா, பப்பாளி எல்லாம் நல்லது. கம்பு, சோளம், கேழ்வரகில் நார் அதிகம். பக்கத்து வீட்டு மராத்தி அக்காவிடம் சோள பாக்ரி தட்டக் கற்றுக்கொள்ளலாம். நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும்.

சாப்பிட்ட பிறகு போய்ப் பாருங்கள். சாப்பாடு இரைப்பையில் விழுந்ததும் பெருங்குடல் அசைய ஆரம்பிக்கும். ஆகவே காலையில் ஏதாவது சாப்பிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் போனால் எளிதாக இருக்கும். வரும்போது அடக்காதீர்கள்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் இசப்கோல் எடுக்கலாம். நிறையத் தண்ணீரோடு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். நிலவாகை போன்ற மருந்தைச் சில நாளைக்கு மட்டும் எடுக்கலாம். ஒரு வாரத்துக்கு மேல் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

சேர்ந்து கேளுங்கள். கக்கூஸ் பிரச்சினை ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை. 2011-இல் மும்பையில் பல அமைப்புகள் சேர்ந்து "ரைட் டு பீ" என்ற இயக்கத்தைத் தொடங்கின. பெண்களுக்குச் சுத்தமான, காசு வாங்காத சிறுநீர் கழிப்பிடம் வேண்டும் என்று கேட்டன. நம் பகுதி மாநகராட்சியின் எம் கிழக்கு வார்டில் இருக்கிறது. கதவு உடைந்திருந்தால், விளக்கு எரியாவிட்டால், தண்ணீர் வராவிட்டால், வார்டு ஆபீஸில் மனு கொடுக்கலாம். இப்போது நமக்கு எழுதத் தெரியும். கைநாட்டு வேண்டாம். கையெழுத்துப் போடலாம்.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

மலத்தில் ரத்தம் போனால்.
மலம் தார் போலக் கறுப்பாகப் போனால்.
மலம் போகும் பழக்கம் திடீரென்று மாறி, சில வாரம் ஆகியும் சரியாகாவிட்டால்.
காரணம் இல்லாமல் எடை குறைந்தால்.
வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாவிட்டால். இது மிகவும் அவசரம்.

இவற்றைப் பொடியால் மறைக்கக் கூடாது. முதலில் மாநகராட்சி தவாகானாவில் காட்டுங்கள். அவசரம் என்றால் கோவண்டி சதாப்தி ஆஸ்பத்திரிக்கோ, சயான் ஆஸ்பத்திரிக்கோ போங்கள். வெட்கப்பட வேண்டாம். டாக்டருக்கு மலமும் மூத்திரமும் புதிது இல்லை.

செய்து பார்ப்போம்

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு ஸ்பூன் இசப்கோல் போட்டுக் கலக்குங்கள். பத்து நிமிடம் விடுங்கள். இப்போது ஸ்பூனால் எடுத்துப் பாருங்கள். எப்படி இருக்கிறது? பேச்சு 1-ஐ மறுபடியும் படியுங்கள். படித்ததைப் பக்கத்து வீட்டில் சொல்லுங்கள்.

கோடிட்ட இடத்தை நிரப்புவோம்

1. சிறுகுடலின் நீளம் சுமார் ______ அடி.
2. பேதியில் போவது ______, ______.
3. வயிற்றுப் பூச்சிக்குக் கொடுக்கும் மாத்திரையின் பெயர் ______.
4. வயிற்று வலி இருக்கும்போது ______ மருந்து கொடுக்கக் கூடாது.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் கல்லியில் எத்தனை வீட்டுக்கு ஒரு கக்கூஸ் இருக்கிறது? எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.
2. உங்கள் வீட்டில் யார் யார் தண்ணீர் குறைவாகக் குடிக்கிறார்கள்? ஏன்?
3. வார்டு ஆபீஸுக்கு ஐந்து வரியில் ஒரு மனு எழுதுங்கள். எல்லோரும் அதில் கையெழுத்துப் போடுங்கள்.